பகுதி நேரப் பணி, முழு நேர அமானிதம்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், அருமை ஸஹாபாக்கள் மீதும், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, அன்பான இளைஞர்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன். அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள். அவன் பார்க்கிறான் என்ற நினைப்போடு பேசுங்கள், நடங்கள், கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்தைத் தக்வாவோடு ஏன் சேர்க்கிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். இன்றைய ஜும்ஆவின் செய்தியே அதுதான்.

நம் ஊரில் வந்திருக்கும் புதிய வேலை

நம் காஞ்சிபுரம் 1866-ல் நகராட்சியானது. 2021-ல் மாநகராட்சியானது. இன்று 51 வார்டுகள். ஊர் வளர வளரத் திட்டங்களும் வருகின்றன. 2015-ல் மத்திய அரசு பாரம்பரிய நகரங்களுக்காக ஒரு திட்டம் கொண்டு வந்தபோது நாடு முழுவதிலும் தேர்ந்தெடுத்த 12 ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 2019 மார்ச்சில் அந்தத் திட்டம் முடிந்தது. அதே 2019-ல் அத்திவரதர் வைபவம் 48 நாட்கள் நடந்தது. குடிநீர், கழிப்பறை, குப்பை, தற்காலிகப் பேருந்து நிலையம் என்று அத்தனையும் அந்த நாட்களுக்காக மட்டும் நிறுவி, நடத்தி, பிறகு கலைக்க வேண்டியிருந்தது.

திட்டம் வருகிறது, முடிகிறது. அதனால் ஆட்களையும் திட்டம் இருக்கும் வரைக்குமே எடுக்கிறார்கள். ஒப்பந்தம், வெளிமுகமை, மதிப்பூதியம், பகுதி நேரம் என்று பல பெயர்கள். மாநகராட்சியில் திட்ட ஒருங்கிணைப்பாளர், திட்ட மேலாளர் என்பார்கள். ஊராட்சியில் நூறு நாள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பணித்தளப் பொறுப்பாளரும் இந்த வகைதான். டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்த நம் பிள்ளைகள், படித்த நம் சகோதரிகள் இந்த வேலைகளுக்குப் போகிறார்கள். அரை நாள் அங்கே, அரை நாள் தறியிலோ கடையிலோ டியூஷனிலோ. ஹலாலான உழைப்பு. அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

வேலை என்ன? மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பேவர் பிளாக் சாலை, குடிநீர்க் குழாய், பூங்கா. மதிப்பீடு தயாராகும்போது கூட இருப்பது, டெண்டர் காகிதங்களைச் சரிபார்ப்பது, பணி ஆணையில் சொன்ன தேதிக்கு வேலை நடக்கிறதா என்று பார்ப்பது, அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று கவனிப்பது, பில்லுக்குப் பரிந்துரை எழுதுவது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவில் குடியிருக்கும் அத்தனை பேரின் பணமும், சில நேரம் ஒருவரின் உயிரும், அந்த ஒரு காகிதத்தில் இருக்கிறது.

இந்த வேலையில் இருப்பவர் மனதில் ஒரு வார்த்தை ஓடும். 'நான் பகுதி நேரம்தானே. கொடுக்கிற சம்பளத்துக்கு இவ்வளவு போதும்.' இந்த வார்த்தை சரியா, தவறா? மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நேரம் பாதியாகலாம், அமானிதம் பாதியாகாது

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). அந்தக் கட்டளையில் முழு நேரம், பகுதி நேரம் என்ற பிரிவு கிடையாது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி ஒரு பெண்மணி தம் தந்தையிடம் சொன்னபோது இரண்டே தகுதிகளைத்தான் எடுத்துச் சொன்னார்கள். ஒன்று வலிமை, அதாவது அந்த வேலையைச் செய்யும் திறமை. மற்றது நம்பிக்கை (28:26). யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என்ற இரண்டையும் முன்வைத்தார்கள் (12:55).

யூஸுஃப் (அலை) அவர்கள் செய்ததை இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு பெரிய அரசுத் திட்டம். ஏழு ஆண்டு விடாமல் பயிரிட வேண்டும். சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தவிர மற்றதைக் கதிரோடு அப்படியே சேமிக்க வேண்டும். அடுத்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் அதை அளந்து எடுக்க வேண்டும். பிறகு மழை பெய்யும் ஆண்டு வரும். இருப்பு, செலவு, காலக்கெடு எல்லாம் அதில் இருந்தன. ஒரு நபி அதைக் கையில் எடுத்தார்கள். ஆகவே மக்கள் நலத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை உலக வேலை என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். நிய்யத் சரியாக இருந்தால் அது இபாதத்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். சேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குகிறார்கள். தறியில் முழு நாள் உட்கார்ந்தவரானாலும், பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரானாலும் எடை ஒன்றுதான். 'நான் பாதி நேரம்தான் நெய்தேன், அதனால் கோர்வை பிரிந்துவிட்டது' என்று எந்த நெசவாளராவது சொல்வாரா? சொன்னால் சேலையை யார் வாங்குவார்கள்? கூலி குறையலாம், நேரம் குறையலாம். நெய்த அளவு சரியாக நெய்யப்பட்டிருக்க வேண்டும்.

கைபரில் ஒரு பருவகாலப் பொறுப்பாளர்

சகோதரர்களே! நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இப்படிப்பட்ட தற்காலிகப் பணி இருந்தது.

ஹிஜ்ரி 7-ல் கைபர் வெற்றிக்குப் பிறகு, அங்குள்ள யூதர்கள் தங்கள் தோட்டங்களிலேயே வேலை செய்து விளைச்சலில் பாதியைக் கொடுப்பது என்று ஒப்பந்தமானது. பேரீச்சை பழுக்கும் பருவத்தில் மரத்தைப் பார்த்து மகசூலை மதிப்பிட ஒருவர் போக வேண்டும். அந்தப் பணிக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பியது அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை. அவர்கள் கவிஞர், போர் வீரர், மதீனாவின் அன்ஸாரி. மகசூலை மதிப்பிடுவது அவர்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை வரும் வேலை.

கைபர்வாசிகள் என்ன செய்தார்கள்? தங்கள் பெண்களின் நகைகளைச் சேர்த்துக் கொண்டு வந்து முன்னால் வைத்தார்கள். இதை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள் என்றார்கள். இப்னு ரவாஹா (ரலி) அவர்கள் தொடவில்லை. நீங்கள் நீட்டுவது ஹராமான லஞ்சம், அதை நாங்கள் உண்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மீது எனக்குள்ள வெறுப்பு உங்களுக்கு அநீதி செய்யவும் என்னைத் தூண்டாது என்ற கருத்தையும் சொன்னார்கள். மதிப்பிட்டு முடித்ததும், இந்த மதிப்பில் வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று தேர்வை அவர்களிடமே விட்டார்கள். இதனால்தான் வானமும் பூமியும் நிலைத்து நிற்கின்றன என்று அந்த யூதர்களே வாய்விட்டுச் சொன்னார்கள். முவத்தா முதலிய நூல்களில் இந்தச் செய்தி வருகிறது.

இதில் இரண்டு பாடம் உண்டு. காசுக்காக அளவைக் குறைக்கவில்லை. வெறுப்புக்காக அளவைக் கூட்டவுமில்லை. காஞ்சிபுரம் கோயில் நகரம். தேர் ஓடும் ராஜ வீதி வேலையும் உங்கள் மேஜைக்கு வரும், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெரு வடிகாலும் வரும், ஒலிமுகமதுபேட்டைத் தெருவிளக்கும் வரும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவற உங்களைத் தூண்டக் கூடாது என்பது அல்லாஹ்வின் எச்சரிக்கை (5:8). பாசத்துக்கும் அதே சட்டம்தான். உங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்கிறான் (4:135). வடிகாலில் ஓடும் தண்ணீர் யார் தெரு என்று பார்த்து ஓடுவதில்லை. அதை அளப்பவரும் பார்க்கக் கூடாது.

விரித்த ஐந்து விரல்கள்

நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 என்று ஆண்டு சொல்கிறார்கள். குடவோலை முறையைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னைச் சரிபார்க்கப் பொன் வாரியம். உறுப்பினர்கள் 35 வயதுக்கு மேல், 70-க்குள். பதவிக் காலம் 360 நாள். சொந்த நிலமும் வீடும் உள்ளவர்கள், தங்கள் சொந்தக் காரியத்தோடு ஊர்க் காரியத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள். எல்லோருக்குமான சபை அல்ல அது. வேதம் கற்ற பிராமணர்களின் சபை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் விதித்த ஒரு நிபந்தனையைப் பாருங்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சகோதரர், மாமனார், மைத்துனர், மருமகன், சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள் என்று உறவு முறையே பட்டியல் போட்டு அத்தனை பேரையும் விலக்கியிருக்கிறார்கள். மூன்றாண்டுக்குள் வாரியம் பார்த்தவருக்கும் மறுபடி இடமில்லை. சிறு பிள்ளையைக் கொண்டு ஓலையை எடுக்க வைத்து, அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விரலை மடக்கினால் உள்ளே வேறு ஓலை இருக்கலாம் அல்லவா?

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் நம் மண்ணில் இருந்தவர்கள் கணக்குக்கு அவ்வளவு அஞ்சியிருக்கிறார்கள். அணுவளவு நன்மையும் தீமையும் காட்டப்படும் மறுமையை நம்பும் நாம் எவ்வளவு அஞ்ச வேண்டும்! பொதுச் சொத்தில் மோசடி செய்தவர், மோசடி செய்ததைச் சுமந்துகொண்டே கியாமத்தில் வருவார் என்று குர்ஆன் சொல்கிறது (3:161). அங்கே உறவுக்காரர் யாரும் அந்தச் சுமையில் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ள மாட்டார்.

உங்கள் நேரம் யாருடையது?

ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் கூலிக்கு வேலை செய்பவரை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சாயக்காரர், தையல்காரர் போன்றவர் பலருடைய வேலையையும் ஒரே சமயத்தில் ஏற்கலாம். அவருக்கு 'அஜீர் முஷ்தரக்' என்று பெயர். வேலையை முடித்துக் கொடுத்தால் கூலி. இன்னொருவர் 'அஜீர் காஸ்'. அவரிடம் வாங்கப்படுவது நேரம். அந்த நேரம் முழுவதும் வேலை கொடுத்தவருடையது.

காலை 10 முதல் 2 வரை மாநகராட்சி வேலை என்று ஒப்பந்தம் இருந்தால், அந்த நான்கு மணி நேரத்துக்கு நீங்கள் அஜீர் காஸ். அந்த நேரத்தில் கடைக்கு வந்த ஆர்டரைப் பேசுவதும், வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்பி வியாபாரம் பார்ப்பதும், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதும் விற்றுவிட்ட பொருளைத் திரும்ப எடுப்பது போன்றது. பர்ளான தொழுகைக்கு அதில் இடம் உண்டு, யாரும் தடுக்க முடியாது. நஃபிலான வணக்கத்துக்குக்கூட முதலாளியின் அனுமதி இல்லாமல் அந்த நேரத்தை எடுக்கக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் எழுதுகின்றன. நஃபில் தொழுகைக்கே இந்த நிலை என்றால் ரீல்ஸ் பார்ப்பதற்கு என்ன சட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2 மணிக்குப் பிறகு உங்கள் நேரம் உங்களுடையது. அதில் நீங்கள் செய்யும் தொழில் ஹலால்தான். ஒரே ஒரு கதவை மட்டும் பூட்ட வேண்டும். காலையில் யாருடைய வேலையை அளக்கிறீர்களோ, மாலையில் அவரிடமே கூலி வாங்காதீர்கள். காலையில் ஒப்பந்ததாரரின் பில்லைச் சரிபார்த்துவிட்டு மாலையில் அதே ஒப்பந்ததாரருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தால், தராசும் சரக்கும் ஒரே கையில் வந்துவிடுகிறது.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவான மறுநாளும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்கள். வழியில் உமர் (ரலி) அவர்கள் நிறுத்தினார்கள். முஸ்லிம்களின் பொறுப்பு உங்கள் தோளில் இருக்கும்போது சந்தைக்கா என்று கேட்டார்கள். என் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று கேட்டார்கள் ஸித்தீக் (ரலி). ஸஹாபாக்கள் கூடிப் பேசி பைத்துல் மாலிலிருந்து அளவான ஊதியம் நிர்ணயித்தார்கள். இறுதி நோயில், பொறுப்புக்கு வந்த பிறகு தம் சொத்தில் என்ன கூடியிருக்கிறது என்று பார்த்து அதை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். தண்ணீர் சுமக்கும் ஒட்டகம், ஒரு பழைய துணி போன்ற சில பொருட்கள்தான் வந்தன. அதைப் பார்த்து உமர் (ரலி) அழுதார்கள். தமக்குப் பின் வருபவர்களைச் சிரமத்தில் ஆழ்த்திவிட்டார் அபூபக்ர் என்றார்கள்.

ஊதியம் கொடுப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. குடும்பம் நடத்த முடியாத தொகையைக் கொடுத்து, அதையும் மூன்று மாதம் கழித்துக் கொடுத்துவிட்டு, நேர்மையை மட்டும் முழுதாக எதிர்பார்ப்பது அநீதி. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராகக் கியாமத்தில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்கிறான் என்று புகாரியில் வருகிறது. வெளிமுகமை நடத்துபவர்கள் நம்மிலும் இருக்கிறீர்கள். கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வரும் பட்டுச்சேலை

இப்னுல் லுத்பிய்யா என்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அதுவும் தற்காலிகப் பணிதான். திரும்பி வந்தவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிவிட்டார்கள். தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது.

இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. தீபாவளிக்கு வரும் பட்டாசுப் பெட்டி, ரமளானுக்கு வரும் பேரீச்சம்பழப் பெட்டி, மகள் நிக்காஹுக்கு ஒப்பந்ததாரர் கொண்டு வரும் பட்டுச்சேலை. வாங்கும் முன் ஒரு கேள்வி போதும்: நான் இந்த நாற்காலியில் இல்லாமல் என் அத்தா, அம்மா வீட்டில் இருந்திருந்தால் இது வருமா? வராது என்றால் அது அன்பளிப்பு அல்ல.

நாங்கள் பொறுப்பில் அமர்த்தியவர் ஓர் ஊசியையோ அதற்கு மேற்பட்டதையோ மறைத்தாலும் அது மோசடி என்று நாயகம் (ஸல்) நவின்றதாக முஸ்லிமில் வருகிறது. அதைக் கேட்டதும் அன்ஸாரி ஒருவர் எழுந்து, என் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் யா ரஸூலல்லாஹ் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பயம்!

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்பின் ஊதியத்தில் இருப்பவர் பொது ஊழியர்தான். பொதுக் கடமை ஒன்றைச் செய்யக் கட்டணமோ கமிஷனோ வாங்குபவரும் அதில் அடங்குவார். 'நான் டெம்பரரி' என்ற சொல் அங்கே காப்பாற்றாது. 2018 திருத்தத்தில் லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமாக்கப்பட்டது. கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நாயகம் (ஸல்) சபித்த செய்தி நமக்குப் பழையது.

ஒரு கையெழுத்தும் ஓர் உயிரும்

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் கனமானது. காசு போனால் திரும்பி வரும், உயிர் வராது.

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. மேலிடத்திலிருந்து அவசரம். இயந்திரம் வர நேரமாகும். ஒப்பந்ததாரர், ஆளை இறக்கி ஐந்து நிமிடத்தில் முடிக்கிறேன் என்கிறார். பகுதி நேரப் பொறுப்பாளர் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றிருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 30 லட்சம் ஒரு பிள்ளைக்கு அத்தா ஆகுமா? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போல, அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவர் மனிதர் அனைவரையும் கொன்றவர் போல என்பது குர்ஆனின் கருத்து (5:32). அங்கே நின்று 'இறங்காதே' என்று சொல்வதற்கு முழு நேரப் பதவி தேவையில்லை. ஈமான் போதும்.

வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்தார்களா? இரவில் விளக்கு எரிகிறதா? கம்பி இடைவெளி வரைபடத்தில் உள்ளபடி இருக்கிறதா? கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் விட்டு ஆற வைத்தார்களா, அல்லது மறுநாளே மூடிவிட்டார்களா? 'நான் இல்லாத நேரத்தில் நடந்தது' என்று அதிகாரியிடம் சொல்லலாம். நீங்கள் போய்ப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருந்தால் அது பொய்ச் சாட்சியம். பெரும் பாவங்களை எண்ணிச் சொன்னபோது சாய்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நூறு நாள் வேலையில் வராதவருக்கு வருகை போடும் சகோதரியும், ஊற்றாத கான்கிரீட்டை ஊற்றியதாக எழுதும் சகோதரரும் அந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளட்டும்.

யூப்ரடீஸ் நதிக்கரையில் ஓர் ஆடு கவனிப்பாரின்றிச் செத்தாலும் அல்லாஹ் தம்மிடம் கேட்பானோ என்று மதீனாவில் இருந்துகொண்டு உமர் (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். நமக்குக் கொடுக்கப்பட்டது ஒரு தெரு. அந்தத் தெரு அளவுக்காவது அஞ்ச வேண்டாமா?

'நம்ம பையன்தானே உள்ளே இருக்கான்'

ஜமாஅத்தார்களே! இதுவரை அந்த இளைஞரைப் பார்த்துப் பேசினோம். இனி நம்மைப் பார்த்து.

நம் பிள்ளை ஒருவர் மாநகராட்சிக்குள் வேலைக்குப் போனதும் நாம் என்ன செய்கிறோம்? 'நம்ம தெருவுக்கு முதலில் போடச் சொல்லுப்பா.' 'மச்சான் டெண்டர் போட்டிருக்கார், கொஞ்சம் பார்த்துக்க.' 'வீட்டு வாசல் படி ரெண்டடி வெளியே இருக்கு, வடிகாலை வளைச்சு விடச் சொல்லு.' அவர் மறுத்தால் 'பதவி வந்ததும் மாறிட்டான்' என்று பள்ளிவாசல் வாசலிலேயே பேச்சு.

மக்ஸூமியா குலத்துப் பெண் திருடியபோது தண்டனையைத் தவிர்க்க உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்கு அனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் முகமே மாறிவிட்டது. என் மகள் ஃபாத்திமாவே செய்திருந்தாலும் தண்டனை உண்டு என்று சொன்னார்கள். பெருமானாரின் செல்ல மகளுக்கே இல்லாத சலுகையை நம் மச்சானுக்குக் கேட்கலாமா?

உரிமையைக் கேட்க நேரான வழி இருக்கிறது. ஊராட்சியில் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபை இருக்கின்றன. அங்கே போய் உட்காருங்கள். அண்டை வீட்டு இந்துச் சகோதரரோடு சேர்ந்து மனு எழுதுங்கள். மதிப்பீடு எவ்வளவு, எப்போது முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இளைஞரின் கழுத்தில் நம் சலுகைகளைக் கட்டி அவரை நரகத்தின் பக்கம் இழுக்காதீர்கள். அவர் நேர்மையாக இருந்ததால் நம் தெரு இரண்டு மாதம் கழித்து வந்தால், அதைப் பொறுத்துக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் உதவி.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஏற்கும் முன் யோசியுங்கள். அபூதர் (ரலி) போன்ற மேன்மக்களிடமே, நீர் இதற்குப் பலவீனமானவர், இது அமானிதம் என்று நாயகம் (ஸல்) சொல்லிப் பொறுப்புத் தரவில்லை. அவர்களின் ஈமானில் குறையா? இல்லை. அந்த வேலைக்கு வேண்டிய தகுதி வேறு. நான்கு மணி நேரத்தில் செய்ய முடியாத வேலையைத் தந்தால், முடியாது என்று முதல் நாளே எழுத்தில் சொல்லுங்கள். ஏற்ற பிறகு, போய்ப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் கோப்புகளை அடுத்தவரிடம் ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் குடத்தில் போடப்படாது என்பதை மறக்காதீர்கள். மேலே இருப்பவர் தவறான காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், அல்லாஹ்வுக்கு மாறு செய்யும் விஷயத்தில் எந்தப் படைப்புக்கும் கீழ்ப்படிதல் இல்லை. அந்த வேலை போனாலும் ரிஸ்க் போகாது. ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது.

பாரகல்லாஹு லீ வலகும்.

இரண்டாம் குத்பா

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

அன்பானவர்களே! திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. நம் ஆயுளுக்கும் உண்டு. நாம் எல்லோருமே இந்த உலகில் ஒப்பந்தப் பணியாளர்கள்தாம். எத்தனை மணி நேரம் என்று நமக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்று நாயகம் (ஸல்) நவின்றிருக்கிறார்கள். அரை நாள் பொறுப்பாளருக்கு அரை நாள் விசாரணை உண்டு. அதில் தப்பினால் போதும், அதுவே பெரும் வெற்றி.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எழுதப்படுபவற்றை உண்மையாக்குவாயாக! பொது வேலையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் திறமையையும் நம்பிக்கையையும் சேர்த்துத் தருவாயாக! குறைந்த கூலியில் நேர்மையாக இருப்பவர்களின் வீடுகளில் பரக்கத்தை இறக்குவாயாக! அவர்களின் கூலியை உரிய நேரத்தில் கொடுக்கும் மனதை உரியவர்களுக்குத் தருவாயாக! சாக்கடையிலும் சாலையிலும் உழைக்கும் தொழிலாளர்களின் உயிரைப் பாதுகாப்பாயாக! எங்கள் ஊரில் வாழும் எல்லா மக்களுக்கும் நல்ல தண்ணீரையும் நல்ல பாதையையும் அமைதியையும் தருவாயாக! எங்கள் அமானிதங்களை நிறைவேற்றியவர்களாக எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.